மாத்திரைக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு?



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். அரசியல் பதிவு இல்லை. நம் எல்லார் வீட்டு மாத்திரை டப்பாவைப் பற்றியது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. பெரியவர்கள் பலர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார்கள். சிலர் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார்கள். டாக்டர் சொல்லி அல்ல. பதினைந்து நாளைக்கு வாங்கியதை மாசக் கடைசி வரை ஓட்ட வேண்டும், அதற்காக. கேட்டால், "இப்போ உடம்பு பரவாயில்ல டீச்சர், அதான் குறைச்சுக்கிட்டேன்" என்பார்கள். பெற்ற பிள்ளைகளிடம்கூட உண்மையைச் சொல்வதில்லை. "அவனுக்கே வீட்டுக்கடன், பசங்க ஃபீஸ்" என்று அவர்களே கணக்குப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒருவர். எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு பிரஷர் மாத்திரையைக் கைக்காசு போட்டு வாங்க ஆரம்பித்தார். பேத்தி காலேஜில் சேர்ந்த வருஷம் அதை நிறுத்தினார். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆட்டோ பிடித்து கே.எம்.சி.க்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். லேத் ஓட்டிய அந்தக் கையால் இன்று சோறு பிசைய முடியவில்லை. அவர் நிறுத்திய மாத்திரையை பிராண்டுப் பெயர் இல்லாமல் வாங்கினால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான் ஆகும்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நாம் கடையில் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மருந்துக்குப் போவதில்லை. அந்த மருந்துக்கு ஒரு கம்பெனி வைத்த பெயருக்கும், அந்தப் பெயரை டாக்டரின் பேனா வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவுக்கும் போகிறது.

என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாராசிட்டமால் மூலக்கூறு ஒன்றில் எட்டு கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். மும்பையில் செய்தாலும் அதுதான், மறைமலை நகரில் செய்தாலும் அதுதான். மேல் உறையில் தங்கக் கலரில் பெயர் அச்சடித்ததால் ஒரு கார்பன் கூடிவிடாது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில், டெல்மிசார்ட்டன் 40 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. என்று இருக்கிறதே, அதுதான் மருந்து. நம் உடம்புக்குத் தெரிந்தது அந்தச் சின்ன எழுத்து மட்டும்தான்.

அதே அட்டையில் இன்னொன்றையும் பாருங்கள். தயாரித்தவர் என்று ஒரு பெயரும், விற்பனை செய்பவர் என்று வேறொரு பெயரும் பல அட்டைகளில் இருக்கும். தயாரித்த ஊர் இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி, சிக்கிம் என்று போட்டிருக்கும். ஒரே தொழிற்சாலை பல கம்பெனிகளுக்குச் செய்து கொடுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். "எனக்கு இந்தக் கம்பெனி மாத்திரைதான் கேட்கும்" என்று சொல்லும் சித்தப்பாக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு. எனக்கு பிரஷர், தைராய்டு, கால்சியம். டாக்டர் எழுதிய பெயர்களில் வாங்கியபோது மாதம் 3,460 ரூபாய். என் பென்ஷனோடு வரும் மருத்துவப் படி 300 ரூபாய். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். தினமும் விழுங்கும் மாத்திரைக்கு இல்லை. பிறகு டாக்டரிடமே சொல்லி, மூலக்கூறுப் பெயரில் எழுதி வாங்கினோம். அவர் முகம் சுளிக்கவில்லை. தைராய்டு மாத்திரையை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம். இப்போது மாதம் 1,390 ரூபாய். வருஷத்துக்கு 24,840 ரூபாய் மிச்சம். ரத்தப் பரிசோதனை முடிவுகள் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கணக்கு கூடக்குறைய இருக்கலாம், ஆனால் போட்டுப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

சரி, இந்த வித்தியாசம் எங்கே போகிறது?

ஓ.டி. மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போது நாலு கடை கேட்கிறோம். பிடிக்காவிட்டால் நகர்ந்து விடுகிறோம். மருந்துக் கடையில் அது முடியாது. எந்தப் பெயர் வேண்டும் என்று முடிவு செய்கிறவர் டாக்டர், அவர் காசு கொடுப்பதில்லை. காசு கொடுக்கிறவர் நாம், நாம் முடிவு செய்வதில்லை. அதோடு, அட்டவணை எச் என்ற பட்டியலில் வரும் மருந்துகளுக்கு டாக்டர் ஒரு பிராண்டை எழுதிவிட்டால், அதே மூலக்கூறுள்ள வேறு பிராண்டைக் கடைக்காரர் தானாக மாற்றித் தருவதற்குச் சட்டமே இடம் தரவில்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளில் பல டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வகைதான். ஆகவே கம்பெனிகள் நம்மிடம் விளம்பரம் செய்வதில்லை, டாக்டரிடம் செய்கின்றன.

அந்த விளம்பரம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. நம் சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், தன் சத்து மாத்திரையைப் பிரபலப்படுத்த டாக்டர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புகளைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது. கருத்தரங்கக் கட்டணம், தங்கக் காசு, எல்.சி.டி. டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் என்று பட்டியல் இருந்தது. தொகை 4 கோடியே 72 லட்சம் ரூபாய். 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் அமர்வு அந்தக் கழிவைத் தர முடியாது என்றது. டாக்டர் அன்பளிப்பு வாங்குவது விதிப்படி தவறு என்றால், கொடுப்பதைத் தொழில் செலவு என்று ஏற்க முடியாது என்பது காரணம். அன்பளிப்பின் செலவு கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளி தலையில் விழுகிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. நான் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்பீர்கள், உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதைப் படிக்கும் என் மாணவர்களில் மெடிக்கல் ரெப்பாக இருப்பவர்கள் நாலைந்து பேர் எனக்குத் தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை, தம்பிகளா. வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு மதியம் இரண்டு மணி வரை கிளினிக் வாசலில் நிற்கிறீர்கள், இலக்கு வைத்து விரட்டுகிறார்கள். திட்டம் போடுகிறவர்கள் வேறு.

"அரசாங்கம் விலைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறதே டீச்சர்?" என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறது. 1997 முதல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இருக்கிறது. ஆனால் அது எப்படி விலை வைக்கிறது என்பதில்தான் விஷயம். 1995 விலைக் கட்டுப்பாட்டு ஆணையில், கட்டுப்பாட்டில் இருந்த 74 மூல மருந்துகளுக்கும் தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு, அதன்மேல் குறிப்பிட்ட சதவீதம் வைத்து விலை நிர்ணயித்தார்கள். 2013 ஆணையில் அது மாறியது. இப்போது சந்தையில் 1 சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்தால் உச்ச விலை.

கணக்கு தெரிந்தவர்கள் யோசியுங்கள். தயாரிக்க ஒரு ரூபாய் ஆகும் மாத்திரையைப் பெரிய கம்பெனிகள் எட்டு, பத்து என்று விற்றால், சராசரியும் அந்தப் பக்கமே போகும். செலவு எவ்வளவு என்ற கேள்வியே அதில் வராது. வகுப்பில் எல்லாரும் தப்பாகப் போட்ட கணக்கின் சராசரியை எடுத்து அதையே சரியான விடை என்று நான் எழுதிப் போட்டால் ஒப்புக்கொள்வீர்களா?

இந்த உச்ச விலையும் எல்லா மருந்துக்கும் கிடையாது. அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான். 2022 பட்டியலில் 384 மருந்துகள். அதுவும் குறிப்பிட்ட அளவுகளில் மட்டும். பட்டியலுக்கு வெளியே இருப்பதற்கு ஆரம்ப விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். பட்டியலில் உள்ள மருந்துகளுக்கும் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஏற்ற வழி உண்டு. 2022 ஏப்ரலில் 10.77 சதவீதம், 2023 ஏப்ரலில் 12.12 சதவீதம் அனுமதித்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் நம் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் எத்தனை பேருக்குச் சம்பளம் அந்த அளவு ஏறியது?

கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு மட்டும், இடையில் இருப்பவர்களின் லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த ஆணையம் உத்தரவு போட்டது. தயாரிப்புச் செலவில் கை வைக்கவில்லை, இடைலாபத்தில் மட்டும்தான். சுமார் 390 பிராண்டுகளின் விலை இறங்கியது. சிலவற்றில் 87 சதவீதம் வரை. அதாவது 100 ரூபாய் அச்சிட்டிருந்தது 13 ரூபாய் ஆனது. மற்ற 87 ரூபாயை அதுவரை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் புற்றுநோயாளிகளின் குடும்பங்கள். தாலியை அடகு வைத்துக் கீமோவுக்குப் போன குடும்பங்கள் நமக்குத் தெரியாதா? 42 மருந்துக்குச் செய்ய முடிந்ததை எல்லா மருந்துக்கும் ஏன் செய்யக் கூடாது? இதுதான் அரசிடம் நான் கேட்கும் முதல் கேள்வி.

கம்பெனிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புது மருந்து கண்டுபிடிக்கப் பல வருஷம், பெரும் பணம் ஆகும். நூறு முயற்சியில் ஒன்றுதான் ஜெயிக்கும். அந்தப் பணத்தை எடுக்க வேண்டாமா? வேண்டும்தான். அதற்காகத்தான் 20 வருஷம் காப்புரிமை கொடுக்கிறோம். ஆனால் நம் வீட்டு டப்பாவில் இருப்பதில் முக்கால்வாசி காப்புரிமை முடிந்து பல காலம் ஆன மருந்துகள். மெட்ஃபார்மினுக்கு இன்று யார் ஆராய்ச்சிச் செலவு செய்கிறார்கள்?

காப்புரிமை முடிந்தால் விலை எங்கே போகும் என்பதை நம் கண் முன்னே பார்த்தோம். சர்க்கரைக்குக் கொடுக்கும் எம்பாக்லிஃப்ளோசின். ஜார்டியன்ஸ் என்ற பெயரில் ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய். 2025 மார்ச் 11-ல் இந்தியாவில் காப்புரிமை முடிந்தது. அந்த வாரமே நம் நாட்டுக் கம்பெனிகள் கொண்டுவந்தன. ஒரு கம்பெனி 10 மி.கி. மாத்திரையை ஐந்தரை ரூபாய்க்கே இறக்கியது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதைவிடப் பெரிய கதை நம் சென்னையிலேயே நடந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு உயிர் காக்கும் மருந்து இமாட்டினிப். நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை நம் கம்பெனிகள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புதுப் படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றி, குணமாக்கும் திறனில் முன்னேற்றம் இல்லாமல் புதுக் காப்புரிமை வாங்க முடியாது என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்ட் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. நம்மிடம் மலிவாக வாங்கும் ஏழை நாடுகளும் அந்தத் தீர்ப்பை எதிர்பார்த்திருந்தன.

இதற்கு அஸ்திவாரம் போட்டவரும் நம் ஊர் நீதிமன்றத்திலிருந்து போனவர்தான். நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். காப்புரிமைச் சட்டத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று 1959-ல் அறிக்கை கொடுத்தார். அந்தக் காலத்தில் மருந்து விலை உலகிலேயே அதிகமாக இருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அவர் அறிக்கையை ஒட்டி வந்ததுதான் 1970 காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே என்றது. அதன் பிறகுதான் நம் கம்பெனிகள் வளர்ந்தன. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005-ல் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டி வந்தது. அப்போதும் 3(டி) என்ற பூட்டைப் போட்டுத்தான் கதவைத் திறந்தோம். மருந்து விலையைச் சட்டத்தால் மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது எல்லாரும் மனசுக்குள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "விலை குறைந்தால் தரமும் குறையுமே?"

பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய மாட்டேன். 2025 அக்டோபரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது 48.6 சதவீதம் டை-எத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் நச்சு வேதிப்பொருள் அது. மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோல்ட்ரிஃப் என்பது ஒரு பிராண்டுப் பெயர். பாட்டிலில் பெயர் பளபளவென்றுதான் இருந்தது. சீட்டில் எழுதப்பட்டுத்தான் அந்தக் குழந்தைகள் வீட்டுக்குப் போனது. பெயர் அவர்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்க வேண்டியது மூலப்பொருள் சோதனையும், தொழிற்சாலைக்கு நேரில் போகும் ஆய்வாளரும். அவை ஒழுங்காக இருந்தால் விலை குறைந்த மருந்தும் நல்ல மருந்து. அவை இல்லாவிட்டால் விலை உயர்ந்த மருந்தும் விஷமாகலாம். நாம் பெயருக்குக் கொடுக்கும் காசு சோதனைக்கூடத்துக்குப் போவதில்லை, விற்பனைக்குத்தான் போகிறது. அதனால் என் இரண்டாவது கேள்வி, போதுமான மருந்து ஆய்வாளர்களும் ஆய்வகங்களும் எப்போது வரும் என்பது.

சோதித்து, மலிவாக, மொத்தமாக வாங்க முடியும் என்பதை இந்தியாவுக்குச் செய்து காட்டியதே நம் மாநிலம்தான். 1994-ல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரியில் வேலையை ஆரம்பித்தது. அதற்கு முன் ஆஸ்பத்திரிகளில் மருந்து ஒரு பக்கம் தீர்ந்துபோகும், இன்னொரு பக்கம் காலாவதியாகிக் கிடக்கும். கழகம் வந்த பிறகு மாநிலம் முழுவதற்குமான மருந்தை மூலக்கூறுப் பெயரில் ஒரே டெண்டரில் வாங்குகிறார்கள். வரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வார்டுக்குப் போகும். மாவட்டக் கிடங்குகளில் இருப்பு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். ராஜஸ்தான், கேரளம் என்று பல மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. "ஜி.எச். மாத்திரையா, அது சுண்ணாம்புக் கட்டி" என்று பேசும் நம் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சுண்ணாம்புக் கட்டி கடந்து வந்த சோதனையை, நீங்கள் கடையில் வாங்கும் அட்டை கடந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அரசு ஆஸ்பத்திரியில் கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் போனால் மதியம் ஆகும். முட்டி வலியோடு வரிசையில் நிற்க முடியாது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போகும். சில மருந்து அங்கே இருக்காது. அதற்காகத்தான் வேறு வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாததால் வரிசையாகச் சொல்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் இருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும்.

முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24-ல் மாநிலம் முழுதும் 1,000 கடைகளோடு தொடங்கியது. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008 முதல் இருக்கிறது. அங்கே விலை 50 முதல் 80 சதவீதம் வரை குறைவு என்பது அரசின் கணக்கு. எந்தக் கட்சி திறந்தது என்று பார்க்காதீர்கள். மாத்திரைக்குக் கட்சி கிடையாது.

அம்பத்தூர் எஸ்டேட்காரர்களுக்கு ஒன்று. குறைந்தது 5 வருஷம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, அதில் இருந்தபடியே வயது முடிந்து ஓய்வு பெற்றவர்கள், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் தொடரும். மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு 120. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடையில் வாங்குகிறவர்களும் பில்லைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அட்டையில் இருப்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் பொருள், அதற்கே விற்க வேண்டும் என்று இல்லை. சில கடைகள் 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைக்கின்றன. தள்ளிய பிறகும் லாபம் இருப்பதால்தான் வைக்கிறார்கள்.

என் மாணவர்களில் டாக்டர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். மருந்தை மூலக்கூறுப் பெயரில், தெளிவான எழுத்தில் எழுத வேண்டும் என்று உங்கள் ஒழுங்குவிதியே பல வருஷமாகச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கட்டாயமாக்கியது. தரத்துக்கு யார் உத்தரவாதம் என்று டாக்டர்கள் சங்கம் கேட்டது. மூன்றே வாரத்தில் விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. உங்கள் கேள்வி சரியான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அதை நோயாளி சார்பில் அரசிடம் கேளுங்கள். இடையில், பிராண்டு எழுதும்போது பக்கத்தில் மூலக்கூறின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு அரை நிமிஷம். எதிரில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு மாசம் ஆயிரம் ரூபாய்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்பா" என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்காதீர்கள். வீடியோவில் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மிச்சம் இருக்கிறது, எப்போது வாங்கியது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பொய் சொல்லாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை மாற்றாதீர்கள். முக்கியமாக வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து இவற்றில் சிறு வித்தியாசமும் உடம்பைப் பாதிக்கலாம். டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். "சார், இதே மருந்து விலை குறைவாக இருந்தால் எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு வரி போதும். துணிக்கடையில் பேரம் பேசும் நாம், உயிர் காக்கும் பொருளில் மட்டும் வாயை மூடிக்கொண்டு பர்ஸைத் திறக்கிறோம்.

மருந்தக முகவரியோ, ஈ.எஸ்.ஐ. விவரமோ, சீட்டைப் படிக்கும் உதவியோ வேண்டுமென்றால் கமெண்டில் கேளுங்கள். நம் மாணவர்களில் மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள், பதில் சொல்வார்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்துப் பொதுவில் போட வேண்டாம், இன்பாக்ஸில் அனுப்புங்கள். கண் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்